பட்டறைக்கு முன் பலகை

கேள்வி: மேலூர் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, வயது 47. எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரி ஒருவரிடம் இரண்டு கோடை விடுமுறைகளில் தச்சு வேலையின் அடிப்படையைக் கற்றுக்கொண்டேன். சென்ற ஆடிக் காற்றில் எங்கள் கிணற்றடி வேப்பமரம் சாய்ந்துவிட்டது. அதை மர அறுவை மில்லில் கொடுத்து, ஏழடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் ஒன்றேகால் அங்குலப் பலகைகள் 14, இரண்டு அங்குலப் பலகைகள் 8 என்று அறுத்து வாங்கி, காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையில் ஆவணி மாதம் அடுக்கினேன். கொட்டகை 12 அடிக்கு 20 அடி, மேலே தகரக் கூரை. வீட்டில் இருப்பது ஒருமுனை மின் இணைப்பு. புத்தக அலமாரி, எழுதும் மேசை, ஒரு கட்டில் ஆகியவற்றை என் கையால் செய்ய ஆசை. விற்கும் எண்ணம் இல்லை. காணொளிகளைப் பார்த்து, தேவையான இயந்திரங்களுக்குக் கடையில் விலைப்பட்டியல் வாங்கினேன்; மொத்தம் 3,10,000 ரூபாய். என் சேமிப்பு 2,50,000. மீதிக்கு நகைக் கடன் வாங்கலாமா? இல்லையென்றால் பட்டியலில் எதைக் குறைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் இணைத்திருந்த விலைப்பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். நகைக் கடன் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சேமிப்பிலும் இப்போதைக்குப் பாதிக்கும் குறைவாகவே செலவிட வேண்டியிருக்கும். மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சுப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டியலிலிருந்தே தொடங்கலாம். பத்து அங்குல டேபிள் சா (மேசை நடுவே வட்ட ரம்பம் சுழலும் இயந்திரம்) 58,000, பன்னிரண்டு அங்குல இழைப்பு இயந்திரம் 85,000, பேண்ட் சா (பட்டை ரம்பம்) 62,000, தூசி உறிஞ்சி 32,000, மைட்டர் சா (குறுக்கே, கோணத்தில் அறுக்கும் ரம்பம்) 28,000, காடி எடுக்கும் ரவுட்டரும் அதற்கான மேசையும் 27,000, நிலையாக நிறுத்தும் ட்ரில்லிங் மெஷின் 18,000 என ஏழு இனங்கள் உள்ளன. கூட்டினால் 3,10,000 சரியாக வருகிறது. ஆனால் தாளின் அடியில், கடை முத்திரைக்கு மேலே, சிறிய எழுத்தில் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த இயந்திரங்களுக்கு வரி 18 விழுக்காடு. அதாவது 55,800 ரூபாய் சேர்ந்து மொத்தம் 3,65,800 ஆகிறது. பதிவு செய்து தொழில் நடத்துகிறவர் அந்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே உங்கள் பற்றாக்குறை 60,000 அல்ல, 1,15,800. இதில் லாரி வாடகையும் இறக்குகூலியும் சேரவில்லை. பேண்ட் சாவையும் இழைப்பு இயந்திரத்தையும் நான்கு ஆட்கள் இல்லாமல் வண்டியிலிருந்து இறக்க முடியாது.

இரண்டாவதாக, இழைப்பு இயந்திரத்தின் வரிசையில் ‘2 ஹெச்.பி., 415 வோல்ட்’ என்று இருக்கிறது. அது மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார். உங்கள் வீட்டில் இருப்பது ஒருமுனை இணைப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் இது தெரிந்திருக்கும். அப்போது மின்வாரியத்தில் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது மோட்டாரை மாற்ற வேண்டும். ‘டிரைவ் ஒன்று போட்டால் வீட்டுக் கரண்டிலேயே ஓடும்’ என்று சிலர் சொல்வார்கள். டிரைவ் என்பது ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக மாற்றித் தரும் கருவி. 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் சாதாரண டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட் மும்முனைதான். எனவே மோட்டாரின் சுற்றுகளை இணைக்கும் முறையை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருந்தால்தான் அது முழுத் திறனோடு ஓடும். இயற்பியல் நடத்தும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எந்தப் பெரிய இயந்திரத்தை வாங்கினாலும், ஒருமுனை மோட்டாருடன்தான் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். நம் பகுதியில் பெரும்பாலும் கோயம்புத்தூர் மோட்டார்களையே பொருத்தித் தருவார்கள். அவற்றுக்கு உதிரிபாகம் கிடைப்பதில் சிரமம் இருக்காது.

இவை இரண்டும் பட்டியலைச் சேர்ந்த சிக்கல்கள். என் கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த காணொளிகளில் பலகை எங்கிருந்து வருகிறது என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் அங்கே கடைக்குப் போனால், சூளையில் உலர்த்தி, நான்கு பக்கமும் இழைத்து, கனம் ஒரே சீராக உள்ள பலகை கிடைக்கிறது. அதை அப்படியே டேபிள் சாவில் வைத்துத் தள்ளலாம். அதனால்தான் அவர்கள் ‘முதலில் வாங்க வேண்டியது டேபிள் சா’ என்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்கு மில்லிலிருந்து வருவது பச்சை மரம். ரம்பப் பற்களின் வரி அதன் மேல் அப்படியே இருக்கும், ஒரு முனையில் ஒன்றேகால் அங்குலமும் மறுமுனையில் ஒன்றரையும் இருக்கும், கொட்டகையில் நான்கு மாதம் கிடந்தால் முறுக்கிக்கொள்ளும். நம் ஊரில் வீட்டுப் பட்டறையின் செலவு, ‘இந்தப் பலகையை நேராக்குவது யார்?’ என்ற ஒரு கேள்விக்கு நீங்கள் என்ன விடை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

உங்கள் பலகைகளில் ஒன்றை எடுத்து இரண்டு முட்டுக்கட்டைகளின் மேல் வையுங்கள். நேராக உள்ள, ஒரே உயரமுள்ள இரண்டு ரீப்பர் துண்டுகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு முனையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு ரீப்பர்களின் மேல்விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் பலகையில் முறுக்கு இல்லை. ஒன்றின் இடது மூலை தூக்கிக்கொண்டு தெரிந்தால் அந்த அளவுக்கு முறுக்கு இருக்கிறது. 22 பலகைகளையும் இப்படிப் பார்த்து, முறுக்கு எவ்வளவு என்பதைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். கிணற்றடி வேம்பு என்பதால் பாதிக்கு மேல் முறுக்கியிருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். வேம்பின் நார் ஒரே திசையில் ஓடுவதில்லை. அடுக்குக்கு அடுக்கு மாறி மாறிச் சாய்ந்து பின்னியிருக்கும். உலரும்போது அது பலகையை இழுக்கும். இழைக்கும்போது ஒரு திசையில் வழவழப்பாக வந்து மறு அங்குலத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

இப்படி முறுக்கிய பலகையை டேபிள் சாவின் பக்கச் சட்டத்தில் அணைத்துத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை நான் உடம்பில் பட்டு அறிந்திருக்கிறேன். 1996-ல், பட்டறை தொடங்கிய புதிதில், முறுக்கிய வாகைப் பலகை ஒன்றை அவசரத்தில் அப்படியே ரம்பத்துக்குக் கொடுத்தேன். பாதி அறுத்ததும் மரத்தின் உள்ளிறுக்கம் விடுபட்டு, அறுத்த வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வியது. ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மேலெழும் பற்கள். அவை பலகையைத் தூக்கி என் மீதே எறிந்தன. இடுப்பில் அடிபட்டு மூன்று வாரம் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. விரல் போகவில்லை என்பது அன்றைய நல்ல காலம். வெட்டு மூடிக்கொள்ளாமல் தடுக்க, ரம்பத்தின் பின்னால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் தகடு ஒன்று இருக்க வேண்டும். கடைகளில் ‘ரிவிங் நைஃப்’ என்று கேட்டால் தெரியும். உங்கள் பட்டியலில் உள்ள டேபிள் சாவுக்கு அது உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த மாடல் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆக, பலகை முதலில் நேராக வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டுமா என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் பலகைகள் ஒன்பது அங்குல அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மொத்தம் ஏறத்தாழ 15 கன அடி மரம் உங்களிடம் இருக்கிறது. நீளத்தில் 154 அடி. இதை இழைப்பு இயந்திரம் உள்ள மில்லிலோ பெரிய பட்டறையிலோ கொண்டுபோய்க் கொடுத்தால், நான் அறிந்த கூலியில், இரண்டு முகமும் இழைக்க 1,500 ரூபாய்க்குள் முடியும். லோடு ஆட்டோ போக வர 800 என்று வையுங்கள். ஒரு நடைக்கு 2,300. பள்ளி வேலைக்கு நடுவே ஆண்டுக்கு மூன்று நடைக்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. ஆண்டுச் செலவு 6,900. பட்டியலில் உள்ள இழைப்பு இயந்திரம் வரியோடு 1,00,300 ஆகிறது. அந்தப் பணத்துக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் மில்லிலேயே இழைத்துக்கொள்ளலாம். இதற்கிடையில் பிளேடு சாணை, பேரிங், இயந்திரம் நிற்கும் இடம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனால் மில் இழைப்பில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மில்காரர் பலகையை இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டுவார். உருளை அழுத்தும்போது முறுக்கிய பலகை தட்டையாகும். வெளியே வந்ததும் பழையபடி முறுக்கிக்கொள்ளும். கனம் சீராக இருக்கும், பலகை நேராக இருக்காது. ஒரு முகத்தை முதலில் முழுக்க நேராக்கி, அந்த முகத்தைக் கீழே வைத்து ஓட்டினால்தான் இரண்டும் சரியாக வரும். அந்த முதல் முகத்தை நீங்கள் கொட்டகையிலேயே கை இழைப்புளியால் எடுத்துவிடலாம். முறுக்கில் உயர்ந்து நிற்கும் இரண்டு மூலைகளை மட்டும் குறுக்கு வாட்டில் இழைத்துத் தள்ளினால் போதும். முகம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அசையாமல் உட்கார்ந்தால் போதும். உங்கள் தெரு ஆசாரியிடம் கேளுங்கள், அரை நாளில் கைப்பழக்கமாக்கிக் கொடுப்பார். ஒரு பலகைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஓய்வு நேரத்தில் செய்கிற உங்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் கைக்குக் கிடைக்கும் பயிற்சி. ஒரு நாளில் எட்டுப் பலகை தள்ள வேண்டிய எனக்குத்தான் அது நட்டம்.

முதல் கட்டமாக நான் என்ன வாங்கச் சொல்வேன் என்றால், கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம், அதற்கு ஒரு நல்ல கார்பைடு பல் பிளேடு, நேராக ஓட்ட அலுமினியச் சட்டம் ஆகியவை சேர்ந்து 13,000 ரூபாய்; விளிம்பு செதுக்கவும் காடி எடுக்கவும் சிறிய ட்ரிம்மர், அதற்கான பிட்டுகளுடன் 9,000; கை ட்ரில் 4,000; உப்புத்தாள் பூட்டித் தேய்க்கும், வட்டமாக அதிரும் சேண்டர் 6,000; தூள் உறிஞ்ச ஒரு வாக்குவம் 8,000. இவை 40,000. பாஷ், மகிதா போன்ற எந்த நல்ல நிறுவனத்தின் கருவியானாலும் சரி, மோட்டாரின் உதிரிபாகங்களான கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் மதுரையிலேயே கிடைக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இவை மதிப்பீட்டு விலைகள். கடைக்குக் கடை ஆயிரம், இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும். இந்தக் கட்டத்தில் மேசை மேல் நிற்கும் இயந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பலகையை முட்டுக்கட்டையில் கிடத்தி, ரம்பத்தை அதன் மேல் நகர்த்தி அறுக்கும்போது, முறுக்கிய பலகை உங்கள் மேல் பாயும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அறவே இல்லாமல் போவதில்லை. அறுக்கும்போது ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

இனி, எந்த விலைப்பட்டியலிலும் வராத செலவுகள். இரண்டு இழைப்புளிகள், நான்கு அளவுகளில் உளிகள், கொட்டாப்புளி, நம்பகமான மூலைமட்டம், தீட்டுக்கல் ஆகியவற்றுக்கு 12,000 வேண்டும். மூலைமட்டத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையிலேயே ஒரு பலகையின் விளிம்பில் வைத்துக் கோடு கிழித்து, மட்டத்தைத் திருப்பிப்போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு கிழித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை என்றால் அது சரியான மட்டம் அல்ல. கிளாம்ப் எட்டு முதல் பத்து வரை வேண்டும், அதற்கு 10,000. பலகைகளை ஒட்டி அலமாரிக்கு அகலம் சேர்க்கும் நாளில், ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். பணிமேசையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். காரைக்குடியில் பழைய வீட்டு மரம் விற்கும் கடைகளில் பிரித்தெடுத்த உத்தரக் கட்டைகள் கிடைக்கும். பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம், இனி முறுக்காது. மேலூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். மேசைக்கு 8,000 ஒதுக்குங்கள்.

மின்வேலைக்கு 18,000 வைத்திருக்கிறேன்; அதில் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்ல மாட்டேன். மாட்டுக்கொட்டகைக்கு இப்போது ஒரு பல்புக்கு மட்டுமே லைன் போயிருக்கும். 1 ஹெச்.பி. என்பது 746 வாட், 2 ஹெச்.பி. ஒருமுனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பல்பு லைனில் அதைப் பொருத்தினால், வயரிலேயே மின்னழுத்தம் விழுந்து மோட்டார் முக்கிக்கொண்டு நிற்கும், சூடேறும், சுற்று கருகும். பின்னால் பெரிய இயந்திரம் வரும் என்பதை மனத்தில் கொண்டு, மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், சரியான எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்துகொள்ளுங்கள். மாடு கட்டியிருந்த தரை மழைக்காலத்தில் ஈரம் விடும், அங்கே ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது. மின் கட்டணத்தைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. வார இறுதியில் நான்கு மணி நேரம் பட்டறையில் நின்றாலும், மோட்டார் உண்மையில் ஓடுவது ஒரு மணி நேரம்தான். வாரத்துக்கு இரண்டு யூனிட். ஆனால் வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. பின்னாளில் யாருக்காவது காசுக்குச் செய்து கொடுக்கத் தொடங்கினால், அதற்குரிய கட்டண வகைக்கு இணைப்பை மாற்றிக்கொள்வது கட்டாயம்.

பாதுகாப்புக்கு 5,000: கண்ணாடி, காது மூடி, என்-95 முகக்கவசம் ஒரு பெட்டி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. மரத்தூளைப் பற்றி நம் தொழிலில் யாரும் கவலைப்படுவதில்லை, நானும் இளமையில் கவலைப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியான பொருள்களின் பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. மூக்கின் உட்புறத்தைத் தாக்கும் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டிருக்கிறது. இழைப்பில் விழும் சுருளால் கெடுதல் இல்லை. சேண்டரிலிருந்து எழும், கண்ணுக்குத் தெரியாத மாவுதான் நுரையீரல் வரை போகிறது. வேப்பந்தூள் மூக்கையும் தொண்டையையும் உடனே எரிக்கும் என்பதால் நீங்களே கவசத்தைத் தேடுவீர்கள். எரிக்காத மரத்திலும் அதைக் கழற்றாதீர்கள். பட்டியலில் உள்ள 32,000 ரூபாய்த் தூசி உறிஞ்சியின் துணிப்பை, பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு அந்த மாவைக் கொட்டகைக்குள்ளேயே திருப்பி விடும் வகையாக இருந்தால், அதனால் பயன் குறைவு. சேண்டரை வாக்குவத்தோடு இணைத்து, முற்றத்தில் நின்று, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி வேலை செய்யுங்கள்.

கைக்கருவி, கிளாம்ப், மேசை, மின்வேலை, பாதுகாப்பு ஆகிய இவை 53,000. இயந்திரங்கள் 40,000. முதல் கட்டத்தின் மொத்தம் 93,000. இயந்திரத்தை விட அதைச் சுற்றியுள்ளவற்றுக்குக் கூடுதலாக ஆகிறது என்பதைப் பார்த்து நீங்கள் திகைக்கலாம். பட்டறை வைத்த எவரையும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். முழுச் சேமிப்பையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, கிளாம்ப் வாங்கக் காசில்லாமல், கயிற்றால் கட்டிப் பலகை ஒட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அலமாரியையும் மேசையையும் இவற்றைக்கொண்டே முடித்துவிடலாம். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையாமல், மில்லுக்கு ஓடும் ஓட்டம் அலுப்பாகிவிட்டது என்றால், மேசை மேல் வைக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று அங்குலத் திக்னஸர் (பலகையின் கனத்தை இழைத்துச் சீராக்கும் சிறிய இயந்திரம்) ஒன்றை வரியோடு 70,000 ரூபாய்க்குள் வாங்குங்கள். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே அது ஓடும். இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். சத்தம் மிக அதிகம், பரீட்சைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வையுங்கள். மில் உருளையைப் பற்றி நான் சொன்னது இதற்கும் பொருந்தும்: இது கனத்தைச் சீராக்குமே தவிர முறுக்கை எடுக்காது. ஆனால் உங்கள் இயந்திரம் என்பதால் ஒரு வசதி உண்டு. நேரான பிளைவுட் துண்டின் மேல் முறுக்கிய பலகையைக் கிடத்தி, தூக்கி நிற்கும் மூலைகளுக்கு அடியில் சிறு ஆப்புகளைச் செருகி ஒட்டி, அசையாதபடி ஆக்கி, பிளைவுட்டோடு சேர்த்து உள்ளே விட்டால், மேல்முகம் நேராக வந்துவிடும். பிறகு திருப்பிப்போட்டு ஓட்டலாம். வேம்புக்கு ஒரு நடையில் அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். பேராசைப்பட்டால் நார் பிய்ந்து குழி விழும்.

அந்தக் குழியை விடக் கேடு ஆணி. நம் ஊரில் வேப்பமரத்தில் ஆணி இல்லாமல் இருக்காது. துணி காயப்போடும் கம்பிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, எந்தக் காலத்திலோ அடித்த விளம்பரத் தகரத்துக்கு நான்கு என்று அடித்திருப்பார்கள். மரம் வளர்ந்து அவற்றை விழுங்கியிருக்கும். பலகையில் நீலமும் கறுப்புமாக ஒரு கறை தெரிந்தால், அங்கே இரும்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள். கையடக்க மெட்டல் டிடெக்டரை ஒவ்வொரு பலகையிலும் இரு முகத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஆணி திக்னஸரின் பிளேடுகள் முழுவதையும் பல் விழச் செய்துவிடும். மில்லுக்குக் கொடுக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாமல் கொடுத்தால், மில்காரருடைய பிளேடுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

டேபிள் சா கடைசி. 58,000 என்பது வரியோடு 68,440. 93,000, 70,000, 68,440 மூன்றையும் கூட்டினால் 2,31,440. உங்கள் சேமிப்புக்குள் அடங்கி, பிளேடு சாணைக்கும் பழுதுக்கும் 18,560 மிஞ்சுகிறது. இது ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக ஆகும் செலவு. இடையில் எந்தக் கட்டத்திலும் ‘போதும்’ என்று நின்றுவிட உங்களுக்கு உரிமை உண்டு. நின்றால் மீதிப் பணம் வங்கியில் இருக்கும். பேண்ட் சா, மைட்டர் சா, நிலையான ட்ரில்லிங் மெஷின் மூன்றும் நீங்கள் சொன்ன மூன்று சாமான்களுக்குத் தேவையே இல்லை.

பழைய இயந்திரம் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் யாராவது உங்களிடம் வந்து சொல்வார்கள். மதுரைப் பக்கம் பல பட்டறைகள் பிளைவுட் வேலைக்கு மாறிவிட்டதால், கனமான வார்ப்பிரும்பு இழைப்பு இயந்திரங்கள் மலிவாக வருகின்றன. 2004-ல் நானும் அப்படி ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்தேனே தவிர, பலகை ஓடும் படுகையின் மேல் நேர்கோலை வைத்துப் பார்க்கவில்லை. நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. அதை மீண்டும் கிரைண்டிங் செய்து, பேரிங் மாற்றி முடிக்க, வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. அனுபவமுள்ள ஒருவர் உடன் வராமல் பழைய இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு இப்போது அவசரமே இல்லை. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் சற்று முன்னதாகவே உலரும் என்றாலும், ஆவணியில் அடுக்கிய ஒன்றேகால் அங்குலப் பலகை அடுத்த ஆவணிக்கு முன் தயாராகாது. இரண்டு அங்குலம் அதற்கும் அடுத்த ஆண்டுதான். அடுக்கும்போது பலகைகளுக்கு நடுவே, இரண்டடிக்கு ஒன்றாக, ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை ஒன்றுக்கு நேர்மேலே மற்றொன்று வரும்படி வைத்தீர்களா? வைக்கவில்லை என்றால் இந்த வாரமே பிரித்து அடுக்குங்கள். மேலே கனமான கற்களை ஏற்றி, அறுத்த முனைகளில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். முனை வழியாக வேகமாக உலர்ந்தால் வெடித்துவிடும். தகரக் கூரையில் ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகும் ஓட்டை எது என்று உங்களுக்குத் தெரியும். அதை அடைத்துவிட்டுப் பிறகுதான் இரும்புச் சாமான் எதையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

உலர்ந்துவிட்டதா என்பதை அறிய ஆளுக்கு ஆள் ஒரு வழி சொல்வார்கள். உங்களிடம் பள்ளி ஆய்வகத் தராசு இருக்கும். பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு அறுத்து உடனே எடை போடுங்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்து, எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு எடை குறைந்ததோ அதை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பத விழுக்காடு கிடைக்கும். நம் பகுதியில் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அது 12-க்குள் இருக்க வேண்டும். துண்டு அறுக்க மனமில்லை என்றால், மூன்று பலகைகளுக்கு அடையாளமிட்டு, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அரிசிக் கடைத் தராசில் எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே எழுதி வாருங்கள். கோடை முடிந்த பிறகும் இரண்டு மாதம் எடை மாறாமல் நின்றால், அந்த எண்களையும் எந்தெந்தப் பலகையில் எவ்வளவு முறுக்கு என்பதையும் எனக்கு எழுதுங்கள். அலமாரிக்கு எந்தப் பலகை, கட்டில் சட்டத்துக்கு எந்தப் பலகை என்று பிரித்துச் சொல்கிறேன்.